சண்டைக்குப் போய்வந்த கைக்கடிகாரம்

என் ராசாவுக்கு,

கல்யாணப் பத்திரிகைகள் அச்சாகி வந்துவிட்டன. உன் அப்பா ஒன்றை எடுத்து, கண்ணில் பொருத்தும் அந்தப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, உன் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். இப்போது ஒவ்வொரு பத்திரிகையிலும் பேனாவால் தானே அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன கிழமை வந்திருந்தபோது நீ ஒன்று சொன்னாய். பெண்ணின் சித்தப்பா, "ஒங்க அப்பா யாழ்ப்பாணம், அம்மா தோட்டம், எப்படிச் சேந்தாங்க?" என்று கேட்டாராம். நீ, "ஏதோ கடிகாரம் வாங்கப் போன எடத்துல" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாயாம். சிரித்துக்கொண்டே சொன்னாய், நானும் சிரித்தேன். நீ பஸ் ஏறிப் போன பிறகுதான் உனக்கு இதை யாரும் முழுதாகச் சொன்னதே இல்லை என்பது எனக்கு உறைத்தது. உன் அப்பாவைக் கேட்டால் கடிகாரங்களைப் பற்றி நாள் முழுக்கச் சொல்வார், மனிதர்களை விட்டுவிடுவார். அதனால் நான் சொல்கிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்கும் வாசித்துக் காட்டு. எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று அவளுக்கும் தெரியட்டும்.

வெள்ளைக்காரன் ஆட்சி முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக, தோட்டத்து ஆட்கள் சொல்கிற மிசியாக இருந்தேன். அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். அம்மா எப்போதோ இறந்துவிட்டாள், அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. பதுளை ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தபோது சிலர் பெருமைப்பட்டார்கள், சிலர் "நேத்து மூக்கு ஒழுகிக்கிட்டு நின்னவ கையிலயா புள்ள பெத்துக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்கள்தான் முதலில் ஆள் அனுப்பினார்கள், அது வேறு கதை. என் வேலைக்கு விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று அவசியம். பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் மரக்குழலை வைத்து, அதில் காதைக் கொடுத்து, உள்ளே இருக்கும் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை எண்ணவேண்டும். காது குழலில் இருக்க, கண் விநாடி முள்ளில் இருக்கவேண்டும். முதல் சம்பளத்தில் நான் வாங்கிய பொம்பளைக் கடிகாரம் சுண்டுவிரல் நகமளவுதான் இருந்தது. விநாடி முள் கிடையாது. வெந்நீர் ஆவியிலும் பசறை மழையிலும் சீக்கிரமே துருப்பிடித்து நின்றுபோனது. கொஞ்ச நாள் மனத்துக்குள்ளேயே விநாடியை எண்ணி ஒப்பேற்றினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா ஒருநாள் பார்த்துவிட்டு, "குத்துமதிப்பா எண்ணுறதுக்கு எதுக்கும்மா படிச்சிட்டு வந்த?" என்றார். அடுத்த லீவு நாளில் பதுளைக்கு பஸ் ஏறினேன்.

பஜாரில் ஒரு தேநீர்க் கடைக்கும் ஒரு துணிக்கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழையவேண்டும் என்ற அளவில் ஒரு கடை. உள்ளே ஒரு மெலிந்த இளைஞர். அவருடைய அப்பா பதுளை அரசாங்கக் காரியாலயமான கச்சேரியில் பெரிய கிளாக்கர். மகனையும் அரசாங்க வேலைக்கு அனுப்பத்தான் பார்த்தார். மகன் ஒரு வருடம் கந்தோரில் உட்கார்ந்துவிட்டு, முடியாது என்று வந்து இந்தக் கடையைத் திறந்துவிட்டார். அந்த வருடங்களில் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகத் தங்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதானவர்கள் பலர் முதல் பெரிய சண்டைக்குப் போய்வந்தவர்கள். பங்களா சாமான்கள் ஏலத்துக்கு வரும்போது மேசையின் இழுப்பு லாச்சிகளின் அடியில் செத்துப்போன கைக்கடிகாரங்கள் கிடக்கும். உன் அப்பா அவற்றைத் தேடித் தேடி வாங்கினார். இரண்டு செத்த கடிகாரங்களிலிருந்து ஓடுகிற ஒன்றை எடுப்பார். நான் பொம்பளைக் கடிகாரம் காட்டச் சொன்னேன். அவர் நிமிர்ந்து என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். "நீங்கள் மிசியோ? அப்ப அது உங்களுக்கு உதவாது. விநாடி முள் வேணுமெல்லோ?" என்று கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துத் துணியில் வைத்தார்.

அது சண்டைக்குப் போய்வந்த கடிகாரம். வெள்ளிக்கூடு, வெள்ளைப் பீங்கான் முகப்பு, அடியில் விநாடிக்கென்று தனியாக ஒரு சின்ன வட்டம். கண்ணாடிக்கு மேலே சல்லடைபோலத் துளையிட்ட வெள்ளி மூடி, குண்டுச்சிதறல் பட்டுக் கண்ணாடி உடையாமல் இருப்பதற்காம். அந்த மூடியின் ஓரத்தில் ஒரு நசுங்கல் இருந்தது. இயந்திரத்துக்குள் சேறு கல்லாய்க் காய்ந்து கிடந்ததாகவும், பெட்ரோலில் ஊறவைத்துத் தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததாகவும், ஒடிந்த ஒரு அச்சுக்கு வேறொரு கடிகாரத்தின் அச்சைப் போட்டதாகவும் சொன்னார். "நசுங்கலை நிமித்தேல்லை. அது கடியாரம் பட்ட பாடு, அதை ஏன் அழிப்பான்?" என்றார். நான் அதைக் கையில் வைத்துப் பார்த்து, "இது ஆம்பளைங்க கட்டுறதுங்களே, சிரிப்பாங்களே" என்றேன்.

அதற்கு அவர் சொன்ன பதிலில்தான், மகனே, என் மனம் முதலில் கொஞ்சம் அசைந்தது. "முதல்லை கைக்கடியாரம் கட்டினது பொம்பிளையள்தான். ஆம்பிளையள் எல்லாம் சங்கிலியிலை கோத்துச் சட்டைப்பையுக்கை வைச்சிருந்தவை. கையிலை கட்டுறவனைப் பாத்து, வளையல் போட்டிருக்கிறான் எண்டு சிரிச்சவை. பிறகு சண்டை வந்தது. ஒரு கையிலை துவக்கு, மற்றக் கையிலை குதிரைக் கடிவாளம், பையுக்குள்ளை கை விட்டு நேரம் பாக்க ஏலுமே? முதல்லை தென்னாபிரிக்கச் சண்டையிலை பைக் கடியாரத்தைத் தோல் உறையிலை போட்டு மணிக்கட்டிலை கட்டினாங்கள். பிறகு பெரிய சண்டை. பீரங்கி எப்ப நிக்கும், பதுங்குகுழியிலையிருந்து எப்ப ஏறவேணும் எண்டு எல்லாருக்கும் ஒரே நேரம் தெரியவேணும். பைக் கடியாரத்திலையே கம்பி வளையம் ஒட்டி வார் போட்டுக் கட்டினாங்கள். இருட்டிலை தெரிய முள்ளிலை பச்சை ஒளி பூசினாங்கள். சண்டை முடிஞ்சு அதோடையே ஊருக்கு வந்து இறங்கினாப்போலை ஆரும் சிரிக்கேல்லை." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டார். "அப்ப எங்ககிட்ட இருந்து வாங்கிட்டுப் போனதத்தான் திருப்பிக் குடுக்கிறீங்க" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பேரம் பேசாமல் அவர் சொன்ன விலைக்கே வாங்கி வந்தேன்.

ஒரு மாதத்தில் திரும்பிப் போனேன். மருத்துவச்சி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது. கழற்றி ஜன்னலில் வைத்தால் முள் தெரியாது, ஒருமுறை வெந்நீர்ச் சட்டிக்குள்ளேயே விழப் பார்த்தது. இதைச் சொன்னதும் உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கை கழுவிற ஆளுக்குக் கையிலை கட்டக் குடுத்திருக்கிறன், என்ரை பிழை" என்று சொல்லி, உடனே ஒரு தோல் துண்டை வெட்டி, தைத்து, மேலே ஒரு ஊசி வைத்து, நெஞ்சில் குத்திக்கொள்ளும்படி செய்தார். கடிகாரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். நான் குனிந்து பார்த்தால் எனக்கு நேராகத் தெரியும். பிறகு தோல் பிய்கிறதா என்று பார்க்க ஒருமுறை போனேன். ஊசி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க அவர் ஒருமுறை தோட்டத்துக்கு வந்தார். லயத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? "மிசி, கடியாரத்துக்கா சீக்கு, கடைக்காரருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் பங்களா அப்புவைச் சொல்லவேண்டும். துரை பங்களாவில் சமையலும் மேல்வேலையும் பார்ப்பவரைத் தோட்டத்தில் அப்பு என்றுதான் கூப்பிடுவது. எங்கள் அப்பு பதுளைக்குக் கீழே ஒரு கிராமத்துச் சிங்களவர், வயதானவர். வெள்ளைக் கோட்டு, தலையில் அந்தக் காலச் சிங்கள ஆண்கள் செருகும் வளைந்த சீப்பு. லயத்தில் பிரசவம் என்று கேள்விப்பட்டால் பங்களாவின் பழைய படுக்கை விரிப்புகளைத் துவைத்து, கிழித்து, மடித்துக் கொடுத்தனுப்புவார். எந்த லயத்தில் யார் பெற்றாலும் அந்தத் துணியில்தான் பிள்ளையைச் சுற்றுவேன்.

ஒருநாள் காலையில் எங்கள் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை ஆஸ்பத்திரி அறையைப் பார்க்க வந்தார். கொஞ்ச மாதங்களில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போகவிருந்தவர். கட்டில்களைப் பார்த்தார், மருந்து அலமாரியைப் பார்த்தார், திரும்பும்போது என் நெஞ்சில் தொங்கியதைப் பார்த்து நின்றுவிட்டார். கிட்ட வந்து, விரலை நீட்டி, அந்த நசுங்கலைத் தொட்டார். "இது நம்ம கடியாரம். எங்கே எடுத்தே நீ?" என்றார் தோட்டத்துத் தமிழில். பதுளைக் கடையில் வாங்கினேன் என்றேன். நம்பவில்லை. அவருடைய முகம் வெளுத்திருந்தது. "நாளைக் காலையிலே ஆபீஸ். அந்தக் கடைக்காரனும் வரணும். இல்லேன்னா போலீஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் அப்பா நடுங்கிவிட்டார். இந்தியாவிலிருந்து வந்த பரம்பரை என்பதால் எங்கள் ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்திருந்த காலம் அது. தோட்டத்தை விட்டுப் போ என்றால் போய் நிற்க ஒரு மரத்தடிகூட எங்களுடையதில்லை. "குடுத்துரு தாயி. கீழ கெடந்துச்சு, எடுத்தேன்னு சொல்லிக் கால்ல விழுந்துரு. நம்ம பேரு போனாலும் எடமாச்சும் மிஞ்சும்" என்றார். நான் பசறைக்கு இறங்கிப் பதுளை பஸ்ஸில் ஏறினேன். கடையில் விஷயத்தைச் சொன்னதும் உன் அப்பா சக்கரங்களை இடுக்கிப் பிடிக்கும் சாமணத்தை மெல்லக் கீழே வைத்தார். "அதைக் கொண்டுவந்து தந்தது உங்கடை பங்களா அப்பு" என்றார். துரையின் மனைவி துரைசாணி சாமான் கட்டும்போது லாச்சியைக் கவிழ்த்து, இந்தக் குப்பையை எறி என்றாளாம். அப்புவுக்கு எறிய மனம் வரவில்லை. "இதைச் சொன்னா உங்களுக்கு ஒண்டும் வராது. அந்த மனுசனுக்கு வேலை போயிடும்" என்றார். கடைசி பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது, "காலமை நான் வாறன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆபீசில் துரையின் மேசைமேல் கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். உன் அப்பா சலவை செய்த சட்டையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். துரை கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொன்னார். காசு கொடுத்து வாங்கினேன் என்றார். யாரிடம் என்று கேட்டபோது, அதைச் சொல்லமாட்டேன் என்றார். துரை மேசையைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏனோ பொய் வரவில்லை. "தெரியுங்க தொரை. சொல்லமாட்டேன்" என்றேன். பக்கத்தில் நின்ற தோட்டத்துக் கிளாக்கர் ஐயா, "பைத்தியமா ஒனக்கு?" என்று பல்லைக் கடித்தார். உன் அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவர் நின்ற நிலை மாறியது, ஒரு அடி என் பக்கமாக வந்து நின்றார். நாங்கள் என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொண்டு வரவில்லை. பேசாமலேயே இரண்டு பேருக்கும் ஒன்றே தோன்றியிருக்கிறது. இந்த ஆளோடு ஒரு வீட்டில் இருக்கலாம் என்று நான் நினைத்தது அந்த நிமிடத்தில்தான். துரை டெலிபோனை எடுத்தார்.

அப்போதுதான் அப்பு பத்து மணித் தேநீரோடு உள்ளே வந்தார். தட்டை வைக்கப் போனவர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். டெலிபோனைப் பார்த்தார். தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "தொரை, நம்மதான் வித்தது. தொரைசாணி எறிய சொன்னது. அனே, நல்ல சாமான், நம்ம எறியல்ல. இந்தப் புள்ளைங்க மேல தப்பு இல்ல" என்றார். துரை டெலிபோனை வைத்தார். கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உன் அப்பாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இருபது வயதில் பிரான்சு தேசத்தில் சேற்றுக்குள் ஒரு பகல் முழுக்கக் கிடந்தாராம், கூடக் கிடந்த சிநேகிதன் செத்துப்போனானாம், கடிகாரமும் அங்கேயே நின்றுவிட்டதாம். மறுபடி அது ஓடும் என்று நினைத்ததே இல்லையாம். திரும்பி வரும்போது உன் அப்பா இதை எனக்குச் சொன்னார். "பெஞ்சாதிக்கு ஒருநாளும் சொல்லேல்லையாம், அந்தக் கடியாரம் என்னெண்டு" என்றார். மகனே, இத்தனை வருடத்தில் நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்று உண்டென்றால் அது இதுதான். உனக்கு எது பெரிது என்று அவளிடம் சொல்லிவிடு. சொல்லாமல் லாச்சியில் வைத்துவிட்டு, அவள் குப்பை என்று எறிந்தால் அவளை நோகாதே.

துரை எங்களைப் போகச் சொன்னார். கடிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். எங்கள் இடம் தப்பியது. அப்புவின் இடம் தப்பவில்லை. துரை ஒன்றும் சொல்லவில்லை, துரைசாணிதான் பொறுக்கவில்லை. மாசம் முடிவதற்குள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டாள். ஊரில் மருமகன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவர் பதுளை பஜாரில் ஒரு தகரப் பெட்டியோடு நின்றார். உன் அப்பா பார்த்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் இரண்டு பேரும் தங்கினார்கள். ஏனென்றால் அதற்குள் உன் அப்பாவும் வீட்டைவிட்டு வந்திருந்தார்.

அது எப்படி என்று சொல்கிறேன். கடிகாரம் போன அடுத்த கிழமையே உன் அப்பா எனக்கு இன்னொன்று கொண்டுவந்தார். இரண்டாவது பெரிய சண்டையில் பட்டாளத்துக்கென்றே செய்தது. கறுப்பு முகப்பு, நடுவில் நீளமான விநாடி முள், முதுகில் அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளமாக ஒரு அம்புக்குறி. அழகில் பழையதற்குக் கிட்டவும் வராது, ஆனால் துடிப்பு எண்ணுவதற்கு இதுதான் நல்லது. அதே மாதிரித் தோல், அதே மாதிரி ஊசி. "ஒவ்வொரு நாளும் சாவி குடுக்கவேணும்" என்றார். "மறந்துட்டா?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "மறந்தா நான் குடுக்கிறன். பக்கத்திலை இருந்தா" என்றார். இதுதான் உன் அப்பா என்னைப் பெண் கேட்ட அழகு. அன்று மாலையே தன் வீட்டிலும் சொல்லிவிட்டார். அவருடைய அம்மா, "தோட்டத்துப் பெட்டையோ? பிரஜாவுரிமைக் கடுதாசிக்காகத்தான் உன்னைப் பிடிச்சிருக்கிறாள்" என்றாராம். உன் அப்பா அன்று இரவே துணிமணியோடு கடைக்கு வந்துவிட்டார். என் வீட்டில் மட்டும் என்ன? "யாழ்ப்பாணத்து ஆளுங்க வீட்டுல நீ மருமகளா இருக்கமாட்ட, வேலைக்காரியாத்தான் இருப்ப" என்று என் அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்தியது நான் இல்லை, உன் அப்பா. லயத்துக்கு வந்து, என் அப்பாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பழைய அலாரம் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து ஓடவைத்துக் கொடுத்துவிட்டு, எங்கள் தட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். "கூச்சமில்லாம நம்ம தட்டுல சாப்பிடுறாரே" என்றார் என் அப்பா. அதோடு முடிந்தது.

நடுவில் ஒருநாள் பெரிய துரையின் கார் கடைவாசலில் வந்து நின்றதாம். ஊருக்குப் போகுமுன் அந்தக் கடிகாரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா செய்து கொடுத்து வழக்கமான கூலியை வாங்கிக்கொண்டார். "அப்புவை வெரட்டுன வீட்டுக்கு எதுக்குச் செஞ்சு குடுத்தீங்க?" என்று நான் சண்டைக்குப் போனேன். "கடியாரம் என்ன பிழை செய்தது?" என்றார். எனக்கு அன்று கோபம் ஆறவில்லை, இன்றும் முழுதாக ஆறவில்லை. ஆனால் அவர் அப்படித்தான். நீயும் அப்படித்தான். வரப்போகிறவள் உங்கள் இரண்டு பேரையும் எப்படிச் சமாளிக்கப்போகிறாளோ.

கல்யாணம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. என் பக்கம் ஒரு தோட்டமே நின்றது, நான் பிரசவம் பார்த்த பிள்ளைகள் எல்லாம் தாய்மாரின் இடுப்பில் இருந்தார்கள். மாப்பிள்ளை பக்கம் பாய் காலியாகக் கிடந்தது. அவருடைய ஆட்கள் அந்தக் கிழமை யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார்கள், யார் கேட்டாலும் ஊரில் இல்லை என்று சொல்வதற்காக. பூசாரி தாலித்தட்டைக் கையில் எடுத்து, "மாப்பிள்ள வீட்டுப் பெரியவரு யாருங்க? வந்து தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார். ஒருவரும் எழவில்லை. எங்கள் ஆட்கள் குனிந்துகொண்டார்கள். என் அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் அப்பா எழுந்து நின்றார். கோயிலுக்குப் பின்புறம், அண்டாவில் பாயாசம் கிண்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "அப்பு!" என்று கூப்பிட்டார். எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோட்டத்தில் அப்பு என்றால் பங்களாச் சமையல்காரர், அவரை ஏன் இப்போது கூப்பிடுகிறார் என்று பார்த்தார்கள். உன் அப்பா பூசாரி பக்கம் திரும்பி, "எங்கடை பக்கம் அப்பு எண்டா தகப்பன். அவர் வாறார், கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அந்த மனிதர் அகப்பையைப் போட்டுவிட்டுக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே வந்தார். தட்டைத் தொடவில்லை. "அனே மாத்தயா, ஐயா, கை எல்லாம் புகை" என்று பின்னால் இழுத்துக்கொண்டார். உன் அப்பா அந்தக் கையைப் பிடித்துத் தாலியின்மேல் வைத்தார். பெரியவர் சிங்களத்தில் என்னவோ சொல்லி ஆசீர்வதித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, அழுகை மட்டும் விளங்கியது. பிறகு போய் அந்தக் காலிப் பாயில், சீப்பைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளையின் தகப்பனாக நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் கல்யாணம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பாயாசம் அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை.

உன் வருங்கால மனைவிக்கு என் அன்பைச் சொல். அவளுடைய சித்தப்பாவுக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள்.

உன் அம்மா